480 என்ற எண்ணும் ஒப்பந்தப்புள்ளியின் மொழியும்

இந்தியப் பல்கலைக்கழகங்கள் வலையமைப்புக் கருவிகள் வாங்குவதற்காக வெளியிடும் ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களைப் படிப்பவர்கள் ஒரு நிபந்தனையை அடிக்கடி காணலாம்: ஸ்விட்சின் ஸ்டாக்கிங் அலைவரிசை நொடிக்குக் குறைந்தது 480 ஜிகாபிட் இருக்க வேண்டும். சில ஆவணங்களில் அது 320 ஆகவும், சிலவற்றில் 160 ஆகவும் இருக்கும். தொழில்நுட்பத் தேவைபோல் தோன்றும் இந்த நிபந்தனை, உண்மையில் ஒரு நிறுவனத்தின் பெயரை உச்சரிக்காமலே உச்சரிக்கும் தந்திரம் என்பதே என் வாதம்.

மொழியியல் படித்தவருக்கு ஸ்விட்சில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். ஒரே சொல் இடத்துக்கு இடம் வேறு பொருள் தரும்போது, அந்த வேறுபாட்டை மறைத்துவிட்டு அதன்மேல் ஓர் எண்ணை ஏற்றிவைப்பது முதலில் ஒரு மொழிச் சிக்கல். பொறியியல் அதற்குப் பிறகுதான் வருகிறது.

ஸ்டாக்கிங் என்பது பல ஸ்விட்சுகளை இணைத்து, ஒரே முகவரியும் ஒரே நிர்வாகமும் கொண்ட ஒரே ஸ்விட்சாக இயங்கச் செய்வது. ஒன்று தலைமை ஏற்கும். அது வீழ்ந்தால் மற்றொன்று பொறுப்பேற்கும். இதுவரை எல்லா நிறுவனங்களும் ஒத்துப்போகின்றன. இணைக்கும் வழியில்தான் பிரிகின்றன. சிஸ்கோவின் ஸ்டாக்வைஸ்-480, கருவியின் பின்புறத்தில் தனி போர்ட்டையும் தனிக் கேபிளையும் கேட்கிறது. அக்கேபிள் அரை மீட்டர், ஒரு மீட்டர், மூன்று மீட்டர் ஆகிய நீளங்களில் வருகிறது. எச்3சி உருவாக்கிய ஐஆர்எஃப், அருபாவின் விஎஸ்எஃப் ஆகியவை சாதாரண ஈதர்நெட் போர்ட்டுகளின் வழியாகவே இணைகின்றன. கண்ணாடியிழை இருந்தால் அடுத்த கட்டடத்து ஸ்விட்சும் அதே குழுவில் சேரலாம். ஜூனிபரின் வர்ச்சுவல் சேசிஸ், தனி போர்ட், சாதாரண போர்ட் ஆகிய இரு வழிகளையும் அனுமதிக்கிறது. மூன்று மீட்டர் கேபிளையும் கட்டடம் தாண்டும் இழையையும் ஒரே எண்ணால் அளப்பது எப்படிப் பொருந்தும்?

அந்த எண் பிறக்கும் விதத்தையும் பார்ப்போம். ஸ்டாக்வைஸ்-480இல் 40 ஜிகாபிட் வளையங்கள் ஆறு உள்ளன, கூட்டினால் 240. தரவுப்பொதி தான் சேரவேண்டிய ஸ்விட்சிலேயே வளையத்தைவிட்டு இறங்கிவிடுவதால், வளையத்தின் மீதிப் பகுதியை அதே நேரத்தில் இன்னொரு பொதி பயன்படுத்த முடியும். அந்த வாய்ப்பைக் கணக்கில் சேர்த்து இரட்டிப்பாக்கினால் 480. ஜூனிபரின் இஎக்ஸ்4200இல் சொல்லப்பட்ட 128 வேறு வகைக் கணக்கு: ஒரு போர்ட்டுக்குப் போக 32, வர 32, அப்படி இரண்டு போர்ட்டுகள். ஒருவர் வளையத்தின் மறுபயன்பாட்டைக் கூட்டுகிறார். இன்னொருவர் போக்கையும் வரவையும் கூட்டுகிறார். அலகு ஒன்றாக இருக்கிறது, பொருள் ஒன்றாக இல்லை. இவற்றை ஒரே பத்தியில் வரிசைப்படுத்தி மதிப்பெண் போடுவதை ஒப்பீடு என்று அழைக்க முடியாது.

தேவை என்னவென்று கணக்கிட்டால் நிலைமை இன்னும் தெளிவாகும். 48 போர்ட் கொண்ட எட்டு ஸ்விட்சுகள் அடங்கிய ஒரு விடுதி ஸ்டாக்கில் 384 போர்ட்டுகள். ஒவ்வொன்றும் ஒரு ஜிகாபிட். அங்கிருந்து மையத்துக்குச் செல்லும் அப்லிங்க் இரண்டு 10 ஜிகாபிட் இணைப்புகள் என்றால், வெளியேறும் வழி 20 ஜிகாபிட் மட்டுமே. மாணவர்களின் போக்குவரத்தில் பெரும்பகுதி இணையத்துக்கே செல்கிறது. பக்கத்து அறைக்குச் செல்வதில்லை. தேசிய அறிவு வலையமைப்பு பல நிறுவனங்களுக்குத் தருவதோ 1 அல்லது 10 ஜிகாபிட் இணைப்பு. வாய்க்கால் இருபதாக இருக்கும்போது குளத்துக்குள் 480 எதற்கு? ஸ்டாக்குக்குள்ளேயே பெருந்தரவு பரிமாறும் ஆய்வகம் இருந்தால் அதற்கு உயர்ந்த எண் நியாயமே. ஆனால் அந்த ஆய்வகத்தின் பெயரும் தேவையும் ஆவணத்தில் இருக்க வேண்டும்.

ஸ்டாக்கிங்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு தளத்தின் கேபிள் அறையில் நான்கு ஸ்விட்சுகளை ஒன்றாக நிர்வகிப்பது, ஆள் பற்றாக்குறையில் தவிக்கும் கணினி மையங்களுக்குப் பெரும் உதவி. ஆனால் அதே ஏற்பாட்டை வளாகத்தின் மையத்திலும் கோருவது வேறு விஷயம். தலைமை ஒன்றென்றால் மென்பொருள் பிழையும் ஒன்று. அது இரு ஸ்விட்சுகளையும் சேர்த்தே வீழ்த்தக்கூடும். அருபாவின் விஎஸ்எக்ஸ், சிஸ்கோ நெக்ஸஸின் விபிசி போன்றவை இரு ஸ்விட்சுகளையும் தனித்தனி மூளையோடு வைத்துக்கொண்டே கீழுள்ள கருவிக்கு ஒன்றாகக் காட்டுகின்றன. இவற்றிலும் இரண்டும் ஒரே நிறுவனத்துடையவையாக இருக்க வேண்டும். அந்தக் கட்டையும் தளர்த்த விரும்புவோருக்கு, 2015இல் வெளியான ஆர்எஃப்சி 7432 விவரிக்கும் இவிபிஎன் என்னும் திறந்த தரநிலை இருக்கிறது. 480 கேட்கும் ஆவணங்கள் இதையும் கேட்டால் என்ன?

ஸ்டாக்கிங்குக்கு நிறுவனங்களுக்கிடையே பொதுவான தரநிலை இல்லை. முதல் ஸ்விட்சை வாங்கும் நாளிலேயே ஐந்தாவது ஸ்விட்ச் யாருடையது என்பது முடிவாகிவிடுகிறது. ஒரே நிறுவனத்துக்குள்ளும் விடுதலை இல்லை: கேட்டலிஸ்ட் 9300எல் ஸ்விட்சை 9300உடன் ஸ்டாக் செய்ய முடியாது. ஏழு ஆண்டுகள் கழித்து அந்த வரிசையின் விற்பனை நின்றுபோனால், விலை பேசும் வலிமை யாரிடம் இருக்கும்?

மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 144ஆவது விதி, வாங்கும் பொருளின் விவரிப்பு இயன்றவரை செயல்பாடு சார்ந்ததாகவும் பொதுவானதாகவும் அளவிடத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. குறிப்பிட்ட வணிகப் பெயரைக் கோருவதையும் தவிர்க்கச் சொல்கிறது. பெயரை எழுதாமல் அதன் எண்ணை மட்டும் எழுதுவது விதியின் எழுத்தைக் காத்து அதன் பொருளைக் கொல்வதாகும்.

செயல்பாட்டின் மொழியில் கேட்கலாம். தலைமை ஸ்விட்ச் வீழ்ந்தால் எத்தனை நொடிகளில் போக்குவரத்து மீள வேண்டும்? மென்பொருளைப் புதுப்பிக்கும்போது முழு ஸ்டாக்கும் நிற்குமா? உறுப்பினர்களுக்கிடையே எவ்வளவு தொலைவு தேவை? அப்லிங்க்குக்கு எத்தனை மடங்கு உள் அலைவரிசை வேண்டும், ஏன்? இவற்றுக்கான விடைகளை ஏற்பதற்கு முன் கருவியை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். 480ஐ விளம்பரத் தாளில் மட்டுமே சரிபார்க்க முடியும்.

கொள்முதல் குழுக்களில் அமரும் பேராசிரியர்கள், ஓர் ஆய்வேட்டில் வரையறுக்கப்படாத கலைச்சொல்லைக் கண்டால் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். பொதுப் பணத்தில் கோடிகளைச் செலவிடும் ஆவணத்துக்கும் அதே கண்டிப்பைக் காட்டுங்கள். மாணவ நண்பர்களே, இந்த ஆவணங்கள் இணையத்தில் எவரும் படிக்கும்படியே கிடக்கின்றன. உங்கள் நிறுவனத்தின் அடுத்த ஒப்பந்தப்புள்ளியை எடுத்து, அந்த எண் எங்கிருந்து வந்தது என்று எழுத்துமூலம் கேளுங்கள்.