கப்பல் சுற்றுலா: சலுகைகளைக் கற்றுச் செல்வோம், நலமுடன் மகிழ்வோம்

 

திண்டுக்கல் கடலற்ற ஊர். சிறுமலைக்கும் கொடைக்கானல் மலைக்கும் இடைப்பட்ட இச்சமவெளியில் நம் பிள்ளைகள் அறிந்த பெருநீர் ஆத்தூர் காமராசர் அணைதான். ஆயினும் அண்மைக் காலமாக பேகம்பூர்ப் பக்கத்துத் திருமண வீடுகளிலும் கடைவீதிகளிலும் கப்பல் சுற்றுலா என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்தில் முதலமைச்சர் தொடங்கி வைத்த கோர்டெலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ கப்பல் இப்பேச்சுக்கு வித்திட்டது. 2023 ஜூனில் அதே கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்கும் சென்றது.

இது குறித்து நம்மிடையே இரு குரல்கள் ஒலிக்கின்றன. “அங்கே மதுவும் சூதும் இருக்கின்றன; ஏறுவதே ஹராம்” என்பது ஒன்று. “விடுமுறை என்றால் விடுமுறை, தொழுகையை ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம்” என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே அறியாமையின் இரு கிளைகள் என்பதே நம் கருத்து. பயணிக்கும் நோயாளிக்கும் மார்க்கம் வழங்கிய சலுகைகளைப் புறப்படுமுன் கற்றுக்கொள்ளும் குடும்பம் உடல் நலிவின்றியும் மனச்சுமையின்றியும் மகிழ்ந்து திரும்பும். கல்லாமல் செல்லும் குடும்பமோ மார்க்கத்தைக் கரையில் விட்டுச் செல்கிறது; அல்லது தன்னைத் தானே வருத்திக்கொள்கிறது.

கடல் நமக்கு அயலானதன்று

திருக்குர்ஆனின் 16ஆம் அத்தியாயம் 14ஆம் வசனம் கடலையும், அதன் மீனையும், அதில் கிடைக்கும் ஆபரணங்களையும், நீரைக் கிழித்துச் செல்லும் கப்பல்களையும் அல்லாஹ்வின் அருட்கொடைகளாக எண்ணிக் காட்டுகிறது. படைத்தவன் அருளாகச் சுட்டிய ஒன்றைக் கண்டு மகிழ்வது எப்படிக் குற்றமாகும்?

நம் முன்னோரும் கடலை அறிந்தோரே. 1926இல் கட்டப்பட்ட ‘ராஜுலா’ கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற தமிழ் முஸ்லிம்கள் பலர் திறந்த தளத்தில் பாய் விரித்துப் படுத்தே கடலைக் கடந்தனர். 1995 வரை பம்பாயிலிருந்து ஜித்தாவுக்கு ஹஜ் கப்பல்கள் சென்றன. சமவெளி ஊர்களிலிருந்து ரயிலில் பம்பாய் சென்று கப்பலேறிய ஹாஜிகளின் கதைகளை நம் முதியோர் சிலர் இன்றும் சொல்வர்.

அதற்கும் முன்னே, நபி (ஸல்) அவர்களிடம் கடற்பயணக் கூட்டத்தில் தமக்கும் இடம் கிடைக்க துஆச் செய்யுமாறு கேட்டவர் ஒரு பெண்மணி, உம்மு ஹராம் (ரலி) அவர்கள். பின்னாளில் அவர்கள் கடல் கடந்து சைப்ரஸ் சென்று அங்கேயே மரணித்தார்கள். கடலில் தலைசுற்றி வாந்தியெடுப்பவரின் துன்பத்திற்குப் பெருங்கூலி உண்டு என்னும் கருத்துடைய நபிமொழியை அறிவிப்பவரும் அவர்களே. அது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. நன்னோக்கத்துடன் புறப்படும் பயணத்தையே அது குறிக்கும் என்பர் உரையாசிரியர்கள்.

புறப்படுமுன் மூன்று வினாக்கள்

கப்பலில் மதுக்கூடமும் சூதாட்டக் கூடமும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. 2022இல் அக்கப்பல் புதுச்சேரிக்கு வந்தபோது சூதாட்டத்தைச் சுட்டி அங்கே எதிர்ப்பு எழுந்தது. முதற்பயணத்தில் அனுமதியும் கிடைக்கவில்லை. இக்கவலை முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதன்று. ஆனால் சென்னையில் நாம் தங்கும் விடுதியின் ஒரு தளத்தில் மதுக்கூடம் இருப்பதால் நம் அறை ஹராமாகிவிடுவதில்லை. அந்த மேசையில் அமர்வதே ஹராம். அக்காட்சியை விரும்பிப் பார்ப்பதே ஹராம். வீட்டுப் பிள்ளையின் மனம் அங்கே இழுபடும் என்று அஞ்சும் தந்தை வேறு பயணத்தைத் தேர்ந்துகொள்ளட்டும். அதுவும் ஞானமே.

ஆனால் அதைவிட முதன்மையான வினாக்கள் மூன்று உள்ளன. நம்மீது ஹஜ் கடமையாகி இன்னும் நிறைவேறாமல் இருக்கிறதா? வசதி வந்தபின் தாமதிக்கலாகாது என்பது ஹனஃபி மத்ஹபின் வலுவான கருத்து. அந்நிலையில் முதற்பயணம் மக்காவுக்கே உரியது. இரண்டாவது, பணம் வட்டிக் கடனிலிருந்து வருகிறதா? சில நாள் உல்லாசத்திற்காகப் பல மாதம் வட்டி கட்டுபவரின் மகிழ்ச்சியில் பரக்கத் இராது. மூன்றாவது, வீட்டில் விட்டுச் செல்லும் முதியோரைக் கவனிக்க ஆள் உண்டா? இம்மூன்றுக்கும் தெளிவான விடை இருந்தால் மனநிறைவுடன் சீட்டை முன்பதிவு செய்யலாம்.

தலைசுற்றலை அறிந்த ஃபிக்ஹு

கடலறியாத சமவெளி மக்களின் முதல் அச்சம் தலைசுற்றல். கண் ‘அறை அசையவில்லை’ என்கிறது. காதின் உட்பகுதியிலுள்ள சமநிலை உறுப்பு ‘அசைகிறது’ என்கிறது. இம்முரணால் மூளை குழம்பி வாந்தி வருகிறது. இது பலவீனமன்று, உடலின் இயல்பே. பெரும்பாலோருக்கு ஓரிரு நாளில் பழகிவிடும்.

தற்காத்துக்கொள்ளும் வழிகள் எளியவை. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உள்ள அறையைக் கேட்டுப் பெறுக. அங்கே ஆட்டம் குறைவு. தலை சுற்றத் தொடங்கினால் திறந்த தளத்திற்குச் சென்று அடிவானத்தை நோக்குக. கைப்பேசியைக் கீழே வையுங்கள். வயிற்றை வெறுமையாகவும் விடாமல் நிரப்பவும் செய்யாமல் சிறிதளவு உண்க. இஞ்சி சிலருக்கு உதவும். மெக்லிசின், டைமென்ஹைட்ரினேட் போன்ற மாத்திரைகளைக் கப்பல் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்னரே உண்ண வேண்டும். வாந்தி தொடங்கியபின் பயன் குறைவு. அவை தூக்கம் வரச் செய்யும். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், கண் நீர் அழுத்த நோயும் புராஸ்டேட் வீக்கமும் உடையோர் மருத்துவரைக் கேட்காமல் உண்ணலாகாது. காலமும் கருதத்தக்கது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடல் புயலுக்குப் பெயர் பெற்றது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பொதுவாக அமைதியாக இருக்கும்.

இத்தலைசுற்றலை நம் ஃபிக்ஹு நூல்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கருத்தில் கொண்டன என்பது பலர் அறியாத செய்தி. ஓடும் கப்பலில் தலைசுற்றல் பரவலாக நேர்வதால் ஃபர்ளுத் தொழுகையை அமர்ந்தே தொழலாம் என்றார் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). அவர்தம் மாணவர்களான இமாம் அபூயூசுஃப், இமாம் முஹம்மது (ரஹ்) இருவரும் உண்மையான இயலாமை இருந்தால் மட்டுமே அமரலாம் என்றனர். ஷாஃபிஈ மத்ஹபும் தலைசுற்றலுக்கு அஞ்சுபவர் அமர்ந்து தொழ இடமளிக்கிறது. ஆகவே நலமாக நிற்க முடிந்தவர் நின்றே தொழுவது பேணுதலானது. இயலாதவர் குற்ற உணர்வின்றி அமரட்டும். ‘நிற்க முடியவில்லை, ஆதலால் தொழவில்லை’ என்பதற்கு எந்த இமாமிடமும் இடமில்லை.

கிப்லாவும் நேரமும்

திண்டுக்கல்லிலிருந்து சென்னை 400 கிலோமீட்டருக்கும் அதிகம். ஆகவே நம் ஊர் எல்லையைக் கடந்ததுமே ளுஹர், அஸர், இஷா இரண்டிரண்டு ரக்அத்துகளாகச் சுருங்குகின்றன. ஷாஃபிஈ மத்ஹபினர் ளுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழலாம். ஹனஃபி மத்ஹபினர் அவ்வாறு சேர்ப்பதில்லை. ஆனால் ஒன்றை அதன் இறுதி நேரத்திலும் அடுத்ததை அதன் தொடக்க நேரத்திலும் தொழுதால் ஒரே உளூவில் இரண்டும் முடியும். ஜும்ஆ பயணிமீது கடமையன்று. கப்பலில் அன்று ளுஹர் தொழுதால் போதும்.

நம் பள்ளிவாசலின் நேர அட்டையைக் கப்பலுக்கு எடுத்துச் சென்று பயனில்லை. விசாகப்பட்டினம் நமக்குக் கிழக்கே இருப்பதால் அங்கே ளுஹர் நேரம் ஏறத்தாழ 20 நிமிடம் முந்தித் தொடங்கும். இருப்பிடத்திற்கேற்ப நேரம் காட்டும் செயலியைக் கரையிலேயே பதிவிறக்கிக்கொள்க. நடுக்கடலில் இணையத்தை நம்பியிருக்க வேண்டாம். கப்பலின் எஃகு உடல் கைப்பேசித் திசைகாட்டியைப் பிறழச் செய்யும். சூரியனைப் பார்த்தோ, கப்பல் எத்திசையில் செல்கிறது என்று பணியாளரிடம் கேட்டோ கிப்லாவைத் தீர்மானிப்பதே நம்பகமானது. நமக்குக் கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்தது. தொழுகையின் நடுவே கப்பல் திரும்புவது தெரிந்தால் நாமும் திரும்பிக்கொள்ள வேண்டும். தெரியாவிட்டால் நம் முயற்சியே போதுமானது.

தட்டும் கையும்

கப்பலில் காலை முதல் நள்ளிரவு வரை உணவு விரிந்து கிடக்கும். ‘பணம் கட்டியாயிற்று’ என்னும் எண்ணமே பாதி நோய்க்குக் காரணம். வயிற்றில் மூன்றிலொரு பங்கு உணவுக்கு, மற்றொன்று நீருக்கு, மற்றொன்று மூச்சுக்கு என்ற நபிவழி இம்மேசைகளுக்கு முன்னேதான் சோதிக்கப்படுகிறது. சர்க்கரை நோயுடையோர் சிறிய தட்டை எடுப்பதும், உண்டபின் தளத்தில் நடப்பதும் நலம். மருந்துகளைப் பெரிய பெட்டியில் இடாமல் கைப்பையில், இரண்டு நாள் கூடுதலாக, மருத்துவர் சீட்டுடன் வைத்துக்கொள்க. கப்பல் மருத்துவருக்கான கட்டணம் பொதுவாகத் தனி. அதையும் பயணக் காப்பீட்டையும் பற்றி முன்பே கேட்டறிக.

இறைச்சி ஹலாலா என்பதை ஏறியபின் பரிமாறுபவரிடம் கேட்பதைவிட, முன்பதிவின்போதே எழுத்தில் கேட்பது நன்று. உறுதி கிடைக்காவிடில் காய்கறியும் முட்டையும் மீனும் இருக்கின்றன. மீன் பன்றி இறைச்சி பொரித்த எண்ணெயில் பொரிக்கப்பட்டதா, குழம்பில் மது சேர்ந்ததா என்று மட்டும் வினவுக. நண்டு, கணவாய் போன்றவற்றை ஹனஃபிகள் உண்பதில்லை. இறாலில் கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபிஈகளுக்குக் கடலுணவில் இடம் விரிவு. ஒரே மேசையில் இரு மத்ஹபினரும் அமர்ந்தால் ஒருவர் தட்டை மற்றவர் குறை கூற வேண்டாம்.

நெருங்கி வாழும் இடத்தில் தொற்று விரைந்து பரவும். 2022 ஜனவரியில் மும்பையிலிருந்து கோவா சென்ற இதே கப்பலில் சுமார் 2,000 பேரில் 66 பேருக்குக் கொரோனா கண்டறியப்பட்டது. உலகெங்கும் கப்பல்களில் வாந்தியும் பேதியும் உண்டாக்கும் நோரோ வைரஸுக்கு எதிராகக் கைத்தூய்மித் திரவம் போதாது. சோப்பும் ஓடும் நீரும் வேண்டும். உளூவை நம்பி சோப்பை விடலாகாது. உளூ வணக்கத்திற்கான தூய்மை. கிருமிக்கு இருபது வினாடி சோப்புக் கழுவல். வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசலைப் பருகி, கப்பல் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி, அறையிலேயே தங்குக. நோய் பரவிய ஊரிலிருந்து வெளியேற வேண்டாம், அவ்வூருக்குள் செல்லவும் வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தது இவ்வொழுக்கத்தையே.

அடுப்படியிலிருந்து ஒரு விடுதலை

இறுதியாக, ஆண்களுக்கு ஒரு சொல். நம் இல்லங்களில் கொடைக்கானல் சென்றாலும் கூடவே பிரியாணிச் சட்டியும் செல்கிறது. சமைப்பவர் அங்கேயும் பெண்களே. நாள் முழுதும் சமைக்காமலும் பாத்திரம் துலக்காமலும் மனைவியும் தாயும் அமர்ந்திருக்கக்கூடிய சுற்றுலாக்களில் ஒன்று கப்பற்பயணம். அங்கேயும் “பிள்ளையைப் பார், துணியை மடி” என்று ஏவினால் அப்பயணம் யாருக்காக? குழந்தையை ஒரு வேளை நாம் ஏந்திக்கொள்வோம். தளத்தின் கைப்பிடியருகே அதன் கையை விடாமல் நாம் நிற்போம். அவர்கள் நாற்காலியில் சாய்ந்து கடலைப் பார்க்கட்டும். நபி (ஸல்) அவர்கள் பயணத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் வைத்தார்கள் என்பதை நாம் மேடைகளில் சொல்கிறோம். அதைப் பின்பற்ற இதைவிட ஏற்ற இடம் எது?

கப்பற்பயணத்திற்கு வசதியில்லாதோர் ஏங்க வேண்டியதில்லை. நாகூர்க் கரையிலோ இராமேசுவரத்திலோ ஒரு மாலை அமர்ந்து அதே கடலைக் காணலாம். அங்கும் கஸ்ர் உண்டு, அங்கும் துஆ ஏற்கப்படும். பயணியின் துஆ மறுக்கப்படாதவற்றுள் ஒன்று என்பது நபிமொழி.

கடலை நமக்கு வசப்படுத்தித் தந்த வல்ல ரஹ்மான் நம் பயணங்களை நலமாக்கி, நம் குடும்பங்களை மகிழ்வோடும் ஈமானோடும் இல்லம் சேர்ப்பானாக! ஆமீன்.