தியாகம் பேசியது போதும், கணக்கு சொல்லிக் கொடுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

கல்லூரி விழாக்களில் சமூக சேவை என்றாலே ஒரே பேச்சுதான். "இளைஞர்களே, தியாகம் செய்யுங்கள், நாளைய தலைவர்கள் நீங்கள்தான்." கைதட்டல், சால்வை, சான்றிதழ், போட்டோ. அத்தோடு சரி.

இதில் எனக்குக் கடுமையான ஆட்சேபம் உண்டு. தொண்டு நிறுவனத்தை நடத்துவது ஒரு தொழில். டாக்டருக்கும் வக்கீலுக்கும் பயிற்சி வேண்டும் என்கிறோம். இதற்கு மட்டும் நல்ல மனசு போதுமா? நீச்சல் சொல்லித் தராமல் பிள்ளையைக் கிணற்றில் இறக்குகிற வேலை இது.

இன்று ஒரு நிறுவனத்தின் தலைமைக்கு வருகிறவருக்கு என்னென்ன தெரிய வேண்டும் என்று பாருங்கள். டிரஸ்டாகப் பதிவதா, 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி சங்கமாகப் பதிவதா? நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை கிடைக்க ஒப்புதல் வாங்குவது எப்படி? வெளிநாட்டு நன்கொடை என்றால் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டம். 2020-இல் அதைத் திருத்தி, நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தார்கள். அந்தப் பணத்தை வேறு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுக்கவும் தடை. பெரிய கம்பெனிகள் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013 கம்பெனிகள் சட்டம். அந்தப் பணத்தைக் கேட்டு ஒரு திட்ட அறிக்கை எழுத எத்தனை கல்லூரிகள் கற்றுத் தருகின்றன?

என் பழைய மாணவி ஒருத்தி சிறப்புக் குழந்தைகள் பள்ளி ஒன்றில் பொறுப்பேற்றாள். கல்லூரியில் சேவைக்காகப் பதக்கம் வாங்கியவள். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு காலாவதியானது அவளுக்குத் தெரியவில்லை. வெளிநாட்டுப் பணம் நின்றது. மூன்று ஆசிரியைகள் விலகினார்கள். சில குழந்தைகள் மறுபடியும் வீட்டுத் திண்ணைக்கே போனார்கள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவளுக்குப் பதக்கம் கொடுத்தவர்கள் ஒரு நாளாவது ஒரு பேரேட்டைத் திறந்து காட்டினார்களா?

"என்.எஸ்.எஸ். இருக்கிறதே சார்" என்பீர்கள். 1969-இல், காந்தி நூற்றாண்டில் தொடங்கிய நல்ல திட்டம். இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம், ஏழு நாள் முகாம். தெருவைக் கூட்டப் பழகுகிறார்கள், நல்லது. ஆனால் அந்தத் தெருவுக்குக் குப்பை வண்டி ஏன் வரவில்லை என்று ஊராட்சியில் உட்கார்ந்து பேசி, வரவழைப்பவர்தானே தலைவர்? அது முகாமில் வராது.

"கணக்கு வழக்கு என்று போனால் சேவை வியாபாரமாகிவிடும்" என்று சிலர் பயப்படுகிறார்கள். உண்மை நேர்மாறானது. கணக்கு இல்லாத இடத்தில்தான் திருட்டு நுழையும். டாக்டர் வெங்கடசாமி பணி ஓய்வுக்குப் பிறகு 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் உள்ளவர் கட்டணம் கட்ட, இல்லாதவர் இலவசமாகப் பார்வை பெற, அது வளர்ந்து நிற்பதற்குக் கருணையோடு கறாரான நிர்வாகமும் காரணம். விவசாயிகளின் கூட்டுறவுக்கும் படித்த நிர்வாகிகள் வேண்டும் என்றுதான் குரியன் 1979-இல் ஆனந்தில் ஊரக மேலாண்மைக் கல்வி நிறுவனத்தைத் தொடங்கினார்.

கல்லூரிகளிடம் நான் கேட்பது மூன்று. பட்ஜெட்டும் சட்டமும் ஒரு பாடமாக வேண்டும். இறுதியாண்டில் மூன்று மாதம் ஒரே நிறுவனத்தில் இருந்து, வவுச்சர் எழுதுவதிலிருந்து நிர்வாகக் குழுக் கூட்டம் வரை பார்க்க வேண்டும். மக்களுக்கு என்ன தேவை என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதப் பழக வேண்டும்.

உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. "சேவை செய்கிறவனுக்குச் சம்பளம் எதற்கு?" என்று கல்யாண வீட்டில் கேட்காதீர்கள். அவனுக்கும் வீட்டு வாடகை உண்டு, பிள்ளைக்கு ஃபீஸ் உண்டு. சம்பளமில்லாத தலைமை வசதியானவர்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும். ஏழை வீட்டுப் பிள்ளை அந்த நாற்காலிக்கு வரவே முடியாது.

தொண்டு நிறுவனங்களில் இருக்கும் என் மாணவர்களே, வருஷத்துக்கு இரண்டு கல்லூரிப் பிள்ளைகளை அழைத்துப் பக்கத்தில் உட்கார வையுங்கள். போட்டோ எடுத்து அனுப்பிவிடாதீர்கள். தணிக்கை அறிக்கையைப் படிக்கக் கொடுங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள். வாத்தியார் ஆச்சே என்று தயங்க வேண்டாம்.