பெண் கத்தினால் மட்டும் ஏன் சத்தம்?

ஆண் தொண்டை கிழியக் கத்தினால் அது பங்க் இசை. பெண் கத்தினால், "ஏன் இப்படிக் கத்துறா?"

1977-இல் லண்டனில் பாலி ஸ்டைரீன் கத்தினார். எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் குழுவில் அவர் குரலைச் சாக்ஸபோன் துரத்திக்கொண்டே வரும். அந்தத் துரத்தல்தான் அவர்கள் ஓசை. ஆனால் பாடகியின் உடையையும் உடம்பையும் தாண்டிக் காது கொடுப்பவர்கள் எத்தனை பேர்?

2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கம். 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் மேடை. நெருப்பில் காய்ச்சி இறுக்கிய பறைத் தோலும் எலெக்ட்ரிக் கிட்டாரும் முட்டிக்கொள்ள, நடுவே வடசென்னைப் பேச்சு வேகத்தில், மெருகு பூசாத கானாக் குரல். பாடிய ஒரே பெண் இசைவாணி. 2020-இல் பிபிசியின் நூறு பெண்களில் ஒருவர். 2024-இல், பழைய பாட்டு ஒன்றுக்காக அவர்மீது வசையும் மிரட்டலும் குவிந்தன. பாராட்டியவர்களுக்கு அவர் 'துணிச்சல்', திட்டியவர்களுக்கு 'திமிர்'. பாட்டு எங்கே போயிற்று?

எங்கள் ஸ்ரீமுஷ்ணத்தில் பெண் தொண்டையைத் திறக்க அனுமதி உள்ள இடம் இழவு வீடு. ஒப்பாரி மெல்லத் தொடங்கும், சட்டென உயரும், மூச்சுக்கு நிற்கும், மறுபடி வெடிக்கும். வாஷிங்டனில் தொடங்கிய ஃபுகாசி குழு இப்படித்தான் கிட்டாரை அடக்கி, நிறுத்தி, வெடிக்க விட்டது. அதற்குப் போஸ்ட்-ஹார்ட்கோர் என்று பெயர் வைத்து ஆராய்கிறார்கள். எங்கள் அத்தைகள் செய்தால் அழுகை, அவ்வளவுதான். அதே அத்தை கல்யாண வீட்டில் கொஞ்சம் உரக்கச் சிரித்தால், "பொம்பள சத்தம் தெருவரைக்கும் கேக்குது!"