இரண்டாண்டுப் படிப்பும் மதுரையின் முன்னேற்றமும்

ஒரு பிரதேசத்தில் புதுத்தொழில்கள் பிறக்கும் சக்தியை எதைக் கொண்டு அளப்பது? அமெரிக்க தேசிய விஞ்ஞான போர்டார் இதற்கு ஓர் அளவுகோல் கண்டிருக்கின்றனர். 18 முதல் 24 வயதுள்ள ஜனங்களில் ஆயிரம் பேருக்கு, விஞ்ஞானத்திலும் பொறியியலிலும் எத்தனை இரண்டாண்டுப் பட்டங்கள் வழங்கப்பட்டன என்று ராஜ்யவாரியாகக் கணக்கிட்டு வந்திருக்கின்றனர். பெரிய பட்டதாரிகளோடு பட்டறையில் நிற்பவனையும் எண்ணுவது நியாயமே. ஆயினும், மதுரை ஜில்லாவுக்கு இது போதுமா?

இங்கும் அத்தகைய படிப்பு உண்டு. 1950-ல் ஆரம்பமான கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்படி, ஐ.டி.ஐ.களில் பிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன் தொழில்கள் இரண்டாண்டுகளில் கற்பிக்கப்படுகின்றன. பிளஸ் டூ தேறியவர்கள் பாலிடெக்னிக்கின் இரண்டாம் ஆண்டிலேயே சேர்ந்து, இரண்டு வருஷங்களில் டிப்ளமோ பெறலாம்.

ஆனால் மதுரையின் தலைசிறந்த உதாரணம் இவற்றுக்கு வெளியே நிற்கிறது. 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரி, கிராமங்களில் பள்ளிப் படிப்பை முடித்த பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டாண்டு பயிற்சி அளிக்கிறது. பார்வையைச் சோதிப்பதும், கண்ணாடிக்கு அளவெடுப்பதும், சஸ்திர சிகிச்சையில் உதவுவதும் இவர்களே. ஆகவே டாக்டர்கள் தங்கள் நேரத்தை, தாங்கள் மட்டுமே செய்யக்கூடிய வேலைக்குச் செலவிட முடிகிறது. ஏழைகளுக்கு இலவசமாகவும் சொற்பச் செலவிலும் பார்வை கிடைப்பதற்கு இவ்வேலைப் பங்கீடே ஆதாரம். 1992-ல் அதன் துணை ஸ்தாபனமான ஆரோலேப், அந்நாளில் வெளிநாட்டில் நூறு டாலருக்கு மேல் விற்ற கண்ணுள் லென்ஸை மதுரையிலேயே உற்பத்தி செய்து, சுமார் பத்து டாலருக்குக் கொடுக்க முற்பட்டது.

அப்பெண்கள் பெற்றது பல்கலைக்கழகப் பட்டமன்று. பட்டங்களை மட்டும் எண்ணும் கணக்கர் கண்ணுக்கு அவர்கள் தென்படார். மேலூரிலோ உசிலம்பட்டியிலோ தொழில் கற்று, வேலையின்றி ஓசூருக்குப் புறப்படும் வாலிபனையோ அவர் மதுரையின் வரவில் எழுதிவிடுவார்! விதையை எண்ணி விளைச்சலை எண்ணாத குடியானவன் உண்டா?

ஆதலின் சர்க்கார் செய்ய வேண்டியது இது: தேறினவர் தொகையோடு நில்லாமல், மூன்று வருஷங்களுக்குப் பின் அவர்கள் எந்த ஊரில், எந்த வேலையில் இருக்கின்றனர் என்பதையும் ஜில்லாவாரியாகப் பிரசுரிக்க வேண்டும். கப்பலூர்த் தொழிற்பேட்டை முதலாளிகளும் தங்கள் பட்டறைகளை மாணவர்களுக்குத் திறந்துவிட வேண்டும். நமது சட்டசபைப் பிரதிநிதிகள் இவ்விரண்டையும் வற்புறுத்துவார்களாக.