'முற்றாத' நோயும் முதிரும் உடலும்

மூளை முடக்குவாதத்தை 'முற்றாத' நரம்பியல் நிலைகளின் தொகுப்பு என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் வரையறுக்கிறது. மூளையைப் பொறுத்தவரை அது சரியே. பிறப்பை ஒட்டி நேர்ந்த பாதிப்பு பின்னர் பெருகுவதில்லை. அச்சொல்லை எலும்புக்கும் மூட்டுக்கும் நீட்டிப் பொருள்கொள்ளும்போதுதான் பிழை தொடங்குகிறது.

இறுகிய தசை, எலும்பின் வளர்ச்சிக்கு ஈடுகொடுத்து நீள்வதில்லை. ஆண்டுக்கணக்கில் அது இழுப்பதால் தொடையெலும்பின் தலை இடுப்புக் குழியை விட்டு விலகலாம், முதுகெலும்பு வளையலாம், முழங்கால் நிமிராமல் போகலாம். பள்ளிக்கு நடந்து சென்றவர்களுள் சிலர் இளமையிலேயே நடைத்திறனை இழக்கின்றனர். கட்டுப்பாடற்ற அசைவுகள் உடையவர்களுக்குக் கழுத்தெலும்பு தேய்ந்து தண்டுவடம் நெரிபடும் அபாயமும் உண்டு. கை வலுவிழப்பதைப் 'பழைய நோய்தானே' என்று தள்ளிவிட்டால், அந்த இழப்பு நிலைத்துவிடக்கூடும்.

இவ்வளவும் நிகழத் தொடங்கும் வயதில்தான் பராமரிப்பு அறுபடுகிறது. 2013இல் தொடங்கப்பட்ட ராஷ்டிரிய பால ஸ்வாஸ்திய காரியக்கிரமம் 18 வயதோடு நின்றுவிடுகிறது. அதன்பின் செல்ல வேண்டிய பெரியவர்களுக்கான எலும்பு மருத்துவப் பிரிவோ விபத்து முறிவுகளையும் முதுமைத் தேய்மானத்தையும் மையமாகக் கொண்டது. சிறுவயதில் எந்தத் தசைநாண் நீட்டப்பட்டது, எந்த எலும்பு வெட்டித் திருத்தப்பட்டது என்ற விவரம் பெரும்பாலும் தாயின் நினைவில் மட்டுமே எஞ்சுகிறது.

குழந்தைகளுக்கே வசதி போதாத நாட்டில் இது மிகையான கோரிக்கை என்று சிலர் கூறலாம். ஆனால் இதற்குப் புதிய மருத்துவமனைகள் தேவையில்லை. 14 வயதிலேயே மாற்றத்துக்கான திட்டம். அறுவை விவரங்கள் அடங்கிய ஒரு பக்கச் சுருக்கம். குழந்தை மருத்துவரும் எலும்பு மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் சேர்ந்து பார்க்க மாதம் ஒரு நாள். முதுநிலைப் பாடத்தில் இதற்கோர் இடம். இவை அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு எட்டாதவை அல்ல.

வயது வந்தவரிடம் கேட்கவேண்டிய கேள்வியும் வேறு. குழந்தைக்கு 'எப்படியாவது நடக்க வேண்டும்' என்பது பெற்றோரின் இலக்கு. வலியின்றி உட்காருவதும், சக்கர நாற்காலியில் களைப்பின்றிக் கல்லூரி செல்வதும் 20 வயதுக்காரரின் இலக்காக இருக்கலாம். அதை முடிவுசெய்யும் உரிமை அவருடையது.

மூளையின் பாதிப்பு முற்றாதிருக்கலாம். அதைச் சுமக்கும் உடல் முதிர்ந்துகொண்டே இருக்கிறது. மருத்துவமும் அந்த உடலோடு சேர்ந்து நடக்க வேண்டும்.