வாயில்லா ஜீவனின் மொழி



எங்கள் வீட்டு நாய் மணி, வெடிச் சத்தம் கேட்டாலே நடுங்கும். சென்ற ஆண்டு தீபாவளியன்று சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடியது. இரண்டு நாள் கழித்துத் தாமிரபரணிப் படித்துறையில் கண்டெடுத்தோம். அன்று வாசலில் சரவெடி கொளுத்தியவள் நானே.

ஆச்சி மந்திரித்த கயிறு கட்டச் சொன்னார்கள். அத்தையோ, "படத்தை அனுப்பினால் தூரத்திலிருந்தே நாயின் மனத்தோடு பேசி, ரெய்கி ஆற்றலால் குணமாக்குவார்களாம்" என்றார்கள். ரெய்கி, 1922இல் ஜப்பானியர் மிகாவோ உசுயி தொடங்கிய முறை. கை வைத்தால் உயிராற்றல் பாயும் என்பர். அப்படியோர் ஆற்றலை அறிவியல் கண்டதில்லை. ஆயினும் பழகிய கை பட்டால் நாய் அமைதியடையும். அதற்குக் காசு எதற்கு?

நாய் பேசாமலா இருக்கிறது? வாலை இடுக்குகிறது, காதை மடக்குகிறது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுகிறது. நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதற்கோ ஏறத்தாழ 45,000 வரை கேட்கும். நம் வேடிக்கை அதற்கு வேதனை!

நம் மாவட்டத்துக் கூந்தன்குளம் 1994இல் பறவைகள் சரணாலயமாயிற்று. பறவைகள் மிரளுமென்று அவ்வூரார் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவை மொழியை அவர்களுக்கு யார் கற்பித்தார்கள்?

இவ்வாண்டு நான் வெடி வாங்கவில்லை. சன்னல்களை அடைத்து, மணியின் அருகிலேயே அமர்ந்திருந்தேன். தெருச் சத்தத்தில் நடுங்கியது; ஆனால் ஓடவில்லை. அச்சம் மிகுந்த நாயை இராமையன்பட்டிக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டலாம்.

தோழியரே, நாயோடு பேசக் கற்குமுன், அது சொல்வதைக் கேட்கக் கற்போம்!

— பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு