பந்தி மேசைக்கு விரிப்பு: வாடகைக்கா, விலைக்கா?

கேள்வி: எங்கள் மகளுக்குத் தை மாதக் கடைசியில் கல்யாணம். மண்டபத்தில் மேசை மட்டும்தான் தருவார்களாம். விரிப்பு வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள் மாப்பிள்ளை வீட்டார். என் வீட்டுக்காரர் பேப்பர் ரோல் போதும் என்கிறார். எங்கள் மகளிர் குழுவில் 12 பேர் இருக்கிறோம். கரூரில் போய் மொத்தமாக வாங்கி, கல்யாணம் முடிந்தபின் குழுவில் வைத்து வாடகைக்கு விடலாம் என்பது என் யோசனை. எது லாபம்?
(குன்னம் வட்டத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: இந்த வீட்டில் மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னாலும், மூவர் பேச்சிலும் பாதி நியாயம் இருக்கிறது. விலையைப் பார்க்கும் முன், விரிப்பு எந்த மேசைக்கு என்று பிரித்துக்கொள்ள வேண்டும். வரவேற்பு மேசை, தாம்பூல மேசை, காபி வைக்கும் மேசை இவையெல்லாம் ஒரு வகை. இலை போடும் பந்தி மேசை வேறு வகை.

பந்தி மேசையில் துணி நிற்காது. சாம்பாரும் ரசமும் ஒரு காரணம்தான். பெரிய காரணம் வாழை இலை. வெட்டிய காம்பிலிருந்து வடியும் பால் முதலில் தண்ணீர் போலத்தான் இருக்கும். காற்றுப் பட்டுக் காய்ந்தபின் பழுப்பாக மாறும். தோட்டத்தில் வாழைத்தார் வெட்டுபவரின் சட்டையைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைத் துணியில் அந்தக் கறை ஏறிவிட்டால் துணி வாழும் வரை அதுவும் இருக்கும். வாடகைத் துணியானால் கடைக்காரர் முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்.

எண்ணிக்கையும் இடிக்கிறது. மூன்று பேர் உட்காரும் ஆறடி மேசை 40 போட்டால் ஒரு பந்திக்கு 120 பேர். 600 பேர் சாப்பிட ஐந்து பந்தி. பந்திக்கு ஒரு முறை துணி மாற்றினால் 200 விரிப்பு வேண்டும். மாற்றாவிட்டால் மூன்றாம் பந்திக்கு உட்காருபவர் முகம் சுளிப்பார். அதனால் பந்திக்குப் பேப்பர் ரோல்தான். இதில் வீட்டுக்காரர் சொன்னது சரி. 40 மேசை, ஆறடி, ஐந்து பந்தி என்றால் 1,200 அடி, அதாவது 366 மீட்டர். சுருளின் மேல் எத்தனை மீட்டர் என்று பார்த்து அந்தக் கணக்கில் வாங்க வேண்டும். 'பெரிய ரோல், சின்ன ரோல்' என்று கேட்டு வாங்கினால் கடைசிப் பந்தியில் குறையும். முதல் நாள் இரவு விருந்துக்குத் தனிக் கணக்கு.

ஆனால் அந்த ரோல் வெறும் காகிதமாக இருக்க வேண்டும். உணவு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், தமிழ்நாட்டில் 1.1.2019 முதல் தடை செய்யப்பட்ட பொருள்களில் ஒன்று. பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் காகிதக் குவளையும் அதே பட்டியலில் உள்ளன. பளபளப்பான ரோலைக் கண்டால் ஒரு துண்டைக் கிழித்துத் தண்ணீரில் ஊறப்போட்டுத் தேய்த்துப் பார்க்கலாம். காகிதம் கரைந்தபின் மெல்லிய சவ்வு கையில் தங்கினால் அது பிளாஸ்டிக். அபராதம் ஒரு புறம் இருக்கட்டும். எச்சில் இலையோடு அந்தத் தாளையும் சேர்த்துச் சுருட்டி மண்டபத்துக்குப் பின்னால் கொட்டுகிறார்கள். சோற்று வாசனைக்கு மாடு அதையும் தின்னும். வயிற்றில் போன பிளாஸ்டிக் செரிக்காது, தங்கிவிடும்.

மாட்டைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை அள்ளி வந்து கறவை மாட்டுக்கு வைக்கும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. ஒரேயடியாக அதிகச் சோறு தின்ற மாட்டுக்கு வயிற்றில் அமிலம் கூடி, தீனி எடுக்காமல், கழிச்சல் கண்டு படுத்துவிடும். உயிருக்கே ஆபத்து. தாமதிக்காமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். மிஞ்சிய சோறு எருக்குழிக்குப் போகட்டும்.

இனி துணிக்கு வருவோம். வரவேற்பு, தாம்பூலம், காபி மேசைகளுக்கு எட்டு அல்லது பத்து விரிப்பு போதும். ஒரு கல்யாணத்துக்கு என்றால் வாடகைதான். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. எடுக்கும்போது எண்ணி, பிரித்துப் பார்த்து, ஏற்கெனவே உள்ள கறையையும் கிழிசலையும் சீட்டில் எழுதி வாங்க வேண்டும். முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம் என்றால் அது ஒரு நாள் வாடகையா, இரண்டு நாளா என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும். தை முகூர்த்தத்துக்குக் கார்த்திகையிலேயே சொல்லி வைப்பது நல்லது. ஒரே நாளில் பத்துக் கல்யாணம் வரும் மாதம் அது.

வாங்கி வாடகைக்கு விடும் யோசனையைத் தள்ளிவிட முடியாது. மேசை விரிப்பும் கைத்துடைப்புத் துணியும் கரூரிலிருந்து கப்பலேறி வெளிநாடு போகின்றன. அங்கே மொத்தமாக வாங்கினால் மலிவாக வரும் என்று வாசகி நினைப்பதில் பிழையில்லை. ஆனால் கணக்கு இப்படிப் போகிறது. எடுத்துக்காட்டுக்கு, துணி, தையல், போக்குவரத்து எல்லாம் சேர்த்து விரிப்பு ஒன்றுக்கு 150 ரூபாய் ஆகிறது, வாடகை 20 ரூபாய் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 40 விரிப்புக்கு முதல் 6,000 ரூபாய். ஒரு முறை வாடகைக்குப் போனால் 800 ரூபாய். சலவைக்கும் தேய்ப்புக்கும் விரிப்புக்கு 6 ரூபாய் வீதம் 240 போனால் மிச்சம் 560. அப்படியானால் 11 கல்யாணத்தில் முதல் திரும்பும். இது காகிதக் கணக்கு. கல்யாணத்துக்கு ஒரு விரிப்பு தொலைந்தாலோ கற்பூரம் விழுந்து பொத்தலானாலோ மிச்சம் 410, முதல் திரும்ப 15 கல்யாணம். மூன்று விரிப்பு போனால் கையில் 110 ரூபாய்தான். ஆகவே முன்பணம் வாங்காமல் சொந்தக்காரர் என்று கொடுத்தனுப்பும் குழுவுக்கு இந்தத் தொழில் வேண்டாம். அவரவர் ஊர் விலையை இந்த எண்களின் இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு சிக்கல், டிராக்டர் வாடகைக்கு விடுபவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. மழை பெய்த மறுநாள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் உழவு வேண்டும், மற்ற நாளில் வண்டி சும்மா நிற்கும். விரிப்பும் அப்படித்தான். ஆடியில் இல்லை, புரட்டாசியில் இல்லை, மார்கழியில் இல்லை. நல்ல முகூர்த்த நாளில் நாலு வீட்டார் கேட்பார்கள், இருப்பதோ ஒரு செட். எனவே ஆண்டுக்கு எத்தனை கல்யாணம் என்று எண்ணுவதை விட, குழுவைச் சுற்றியுள்ள நாலைந்து ஊரில் எத்தனை தனித்தனி முகூர்த்த நாளில் விசேஷம் நடந்தது என்று போன ஆண்டைத் திருப்பிப் பார்ப்பது சரியான வழி. காதணி விழா, வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். 15 நாள் தேறினால் வாங்கலாம். ஏழெட்டு நாள்தான் என்றால் அந்தப் பணத்தைப் பெரிய அண்டா, கரண்டி, தார்ப்பாயில் போடுவது மேல். அவை கருமாதிக்கும் கோயில் கூழுக்கும் கூடப் போகும். தார்ப்பாய் அறுவடை நாளில் மக்காச்சோளம் காயப்போடவும் உதவும்.

பணம் எடுக்கும் நேரத்தையும் பார்க்க வேண்டும். தை மாதம் பருத்தி எடுப்புக் கூலியும் மக்காச்சோள அறுவடைக் கூலியும் ஒன்றாக வந்து நிற்கும் மாதம். கூலிக்குக் கையில் பணமில்லாமல் ஈரம் காயாத மக்காச்சோளத்தைக் களத்திலேயே வந்த விலைக்குத் தள்ளினால், விரிப்பில் மிச்சம் பிடித்ததைப் போல் பல மடங்கு அங்கே போய்விடும். கல்யாணத்துக்கு வாடகை, அறுவடைப் பணம் வந்தபின் பங்குனியில் குழுக் கூட்டத்தில் பேசி வாங்குவது என்று வைத்துக்கொண்டால் இரண்டும் நடக்கும். மகள் கல்யாணத்தில் வாடகை எவ்வளவு, எத்தனை விரிப்பு பாழானது என்ற உண்மைக் கணக்கும் அதற்குள் கையில் இருக்கும்.

வாங்குவதென்று முடிவானால் மண்டப மேசையை டேப் வைத்து அளந்த பிறகுதான் கரூருக்குப் பஸ் ஏற வேண்டும். ஆறடிக்கு ஒன்றரை அடி மேசை என்றால், 60 அங்குல அகலத் துணியை நீளவாக்கில் இரண்டாக வெட்டினால் நாலு புறமும் நாலைந்து அங்குலம் தொங்கும். இரண்டு விரிப்புக்கு 2.25 மீட்டர் வீதம் 40 விரிப்புக்கு 45 மீட்டர். பருத்தித் துணி முதல் சலவையில் சுருங்கும் என்பதால் நனைத்துக் காயவைத்த பிறகு வெட்ட வேண்டும். வெள்ளை வேண்டாம். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி போகும் சாலையோரத்தில் வெள்ளைத் துணி காயப்போட்டவர்களைக் கேட்டால் காரணம் சொல்வார்கள். அரக்கு, கரும்பச்சை போன்ற நிறங்கள் கறையை மறைக்கும்.

மஞ்சள் கறை பட்ட துணியில் சோப்பு போட்டதும் சிவப்பாக மாறும். பயந்துபோய் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிச் சாயத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளாகும், இரண்டு நாள் நல்ல வெயிலில் கிடந்தால் வெளுத்துவிடும். துணியை நெல் மூட்டை, மக்காச்சோள மூட்டை இருக்கும் அறையில் வைக்கக் கூடாது. தானியத்துக்கு வரும் எலி துணியையும் கடிக்கும். மூடியுள்ள தகரப் பெட்டியில் நன்றாகக் காய்ந்த துணியை மட்டும் அடுக்கி, ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்ததும் ஒரு முறை எடுத்து வெயிலில் போட்டு எண்ணி வைக்க வேண்டும்.